இரண்டு கணக்கு, ஒரே தடம்

சண்முகக்கனி என்று ஒருவர் இல்லை என்பதைத் துளிர் சேமிப்பகம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நித்திலாவின் கைபேசிக்குத் தெரிவித்தது. அந்த நேரத்தில் சண்முகக்கனி எதிர்க் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

‘அன்புள்ள நித்திலா, உங்கள் பெயரில் ஒன்றும் சண்முகக்கனி என்ற பெயரில் ஒன்றுமாக நீங்கள் இரண்டு கணக்குகள் வைத்திருப்பதைக் கண்டறிந்தோம். ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற விதிப்படி இரண்டையும் இணைத்துவிட்டோம். இரண்டாவது கணக்குக்கு உரிமையாளர் இல்லாததால், அதனுடன் இணைக்கப்பட்டிருந்த வங்கிக் கணக்கின் தொடர்பு துண்டிக்கப்பட்டது. இணைந்த கணக்கு தொண்ணூறு நாள் முடக்கத்தில் இருக்கும். உங்கள் சேமிப்புப் பழக்கத்துக்கு நன்றி.’

நித்திலா மூன்று முறை படித்தாள். முதல் முறை படித்தபோது தன்மேல்தான் சந்தேகம் வந்தது. எங்கோ எதையோ தப்பாக அழுத்தியிருப்போம் என்று நினைத்தாள். பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகளில் தையல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கிறவள். ஆனால் எதில் பிழை என்றாலும் முதலில் தன் கையைத்தான் பார்த்துக்கொள்வாள். அவளுடைய நாட்குறிப்பில்கூட ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் ‘நடந்தது’. வலப்பக்கம் ‘சரியாகச் செய்தேனா’.

“என்னட்டி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? ஊர்ல யாருக்கும் என்னமும் ஆச்சா?” என்றாள் கனி.

“இல்லக்கா. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. நீங்க இல்லயாம்.”

கனி நகவெட்டியைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா?”

“துளிர்.”

“அப்ப இத்தன நேரமும் யாரு நகத்த வெட்டுனேன்?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏட்டி, வீட்டுக் கிரயம் இருபத்தாறாம் தேதில்லா?”

அன்று தேதி ஒன்பது.

முகத்தைக் காட்டிப் பணம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு முகத்தைத் திருடினார்கள். குரலைத் திருடினார்கள். விரல்ரேகையை அச்செடுத்து விற்றார்கள். எல்லாம் போன பிறகு வந்ததுதான் தடம். ஒரு மனிதர் எந்த நேரத்தில் செலவு செய்கிறார், எதற்குத் தயங்குகிறார், தொகையை அடித்தபின் எத்தனை நொடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பிழை வந்தால் ஓர் எண்ணை மட்டும் அழிப்பாரா, மொத்தத்தையும் அழிப்பாரா என்று ஆயிரம் சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்த்து, இவர் இன்னார் என்று இயந்திரம் சொல்லும். கடவுச்சொல் இல்லை, கையெழுத்து இல்லை, அட்டை இல்லை. பழக்கத்தை யாரும் திருட முடியாது என்று விளம்பரம் செய்தார்கள். அது உண்மைதான். ஆனால் பழக்கத்தை இரவல் கொடுக்க முடியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

திருப்பூரின் பெண்கள் விடுதிகளில் அது அறைக்கு அறை நடந்தது. ஓர் அறைக்கு ஒரு போன்காரி இருப்பாள். மற்றவர்களுக்குச் செலுத்த வேண்டியதையெல்லாம் அவள் செலுத்துவாள், அனுப்ப வேண்டியதையெல்லாம் அவள் அனுப்புவாள். பதிலுக்கு அவளுடைய துணியைத் துவைத்துப் போடுவார்கள், சாப்பாட்டு வரிசையில் இடம் பிடித்து வைப்பார்கள். கனியும் நித்திலாவும் இருந்த இரண்டு கட்டில் அறைக்கு நித்திலாதான் போன்காரி. நித்திலா பதினெட்டு வயதில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், “எனக்கு இந்த எழவெல்லாம் புரியல புள்ள, நீயே பாத்துக்கோ” என்று கனி தன் கைபேசியை நீட்டினாள். முதலில் ஒரு ரீசார்ஜ். பிறகு பால். பிறகு சங்கரன்கோவிலில் இருக்கும் கனியின் அம்மாவுக்கு மாதப் பணம், மருந்து, சேலைச் சீட்டு, கடைசியில் சேமிப்பு, எல்லாமே துளிர் கணக்கு வழியாக. ஆறு வருஷம். கனியின் கைபேசியைக் கனி தொட்டதெல்லாம் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும்தான்.

அந்தச் சேமிப்பு ஒரு வீட்டுக்கு. வீரபாண்டிப் பக்கம் ஒன்றரை சென்ட் நிலத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். கனிக்கு வயது நாற்பத்தாறு. புருஷன் விட்டுப்போன பிறகு பதினான்கு வருஷமாக விடுதி விடுதியாக மாறிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு வார்டன் வந்து பெயர் கூப்பிடும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டிய பதினான்கு வருஷம். முன்பணம் கொடுத்தாயிற்று. இருபத்தாறாம் தேதி மீதியைக் கொடுக்காவிட்டால் வீடும் இல்லை, முன்பணமும் இல்லை. விற்கிறவருக்குத் தேதியைத் தள்ளிப்போடும் எண்ணமே கிடையாது. அவரிடம் கூடுதலாகத் தரத் தயாராக இன்னொரு ஆள் காத்திருந்தார்.

மறுநாள் நித்திலா புகார் எழுதினாள். தன் கைபேசியிலிருந்து தன் பெயரில் ஒன்று, கனியின் கைபேசியிலிருந்து கனியின் பெயரில் ஒன்று. தேதி, நேரம், கணக்கு எண், நடந்தது, கேட்கும் தீர்வு என்று பத்தி பிரித்து, வேலை முடிந்து அவள் படிக்கப்போகும் மாலை வகுப்பில் தரக் கட்டுப்பாட்டு அறிக்கை எழுதச் சொல்லிக் கொடுத்த முறையிலேயே எழுதினாள். அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனாள். பாடம் மண்டையில் ஏறவில்லை. மேசைக்கடியில் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. ‘அன்புள்ள நித்திலா, உங்கள் இரண்டு புகார்களையும் பெற்றோம். ஒரே புகாரை இரண்டு பெயர்களில் அனுப்ப வேண்டியதில்லை.’

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் தேன் மாதிரி இருந்தது. மனிதக் குரல் இல்லை.

“சண்முகக்கனி என் அறைத்தோழி. அவங்க வேற, நான் வேற” என்றாள் நித்திலா.

“உங்கள் கவலை புரிகிறது, நித்திலா. சண்முகக்கனி அவர்களே பேசினால் நாங்கள் கேட்கத் தயார்.”

அன்று சாயங்காலம் வகுப்பை விட்டுவிட்டு, கனி பேச வேண்டியதைத் தாளில் எழுதினாள். கனி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தாள். “வணக்கம். நான் சண்முகக்கனி. கடந்த பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்தில்...”

“நன்றி, நித்திலா” என்றது குரல்.

“ஏ, நான் கனி பேசுதேன்!”

“குரல் வேறுதான். ஆனால் குரல்களை நாங்கள் ஏற்பதில்லை. வாக்கியம் உங்களுடையது. எங்கே நிறுத்துகிறீர்கள், எதை முதலில் சொல்கிறீர்கள் என்பதும் உங்களுடையது. இதுவரை வந்த நான்கு முறையீடுகளால் எங்கள் உறுதி தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றேழு சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.”

கனி கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்து மூச்சை இழுத்தாள். என்ன வரப்போகிறது என்று நித்திலாவுக்குத் தெரியும். சட்டென்று பிடுங்கி அணைத்தாள். “மரியாதையாப் பேசணும்கா. இல்லன்னா புகார மூடிருவாங்க.”

“நம்ம பணத்தப் பிடுங்கிட்டு நம்மளயே மரியாதையாப் பேசச் சொல்லுதியோ?”

“நான் சொல்லல. விதி.”

“நீ சொல்லாத விதி எதுட்டி இந்த ரூம்ல இருக்கு?” என்றாள் கனி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். நித்திலாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. அன்று நாட்குறிப்பில் வலப்பக்கத்தில் எழுத ஆரம்பித்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தாள்.

பதினைந்தாம் தேதி வந்தது. பதினாறு வந்தது. கம்பெனியில் இரண்டு தடவை பழுதான சட்டையை நல்ல சட்டைகளோடு சேர்த்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்தினார். கண்ணை மூடினால் தொண்ணூற்றேழு என்ற எண் வந்து நின்றது. ஒருவேளை இயந்திரம் சொல்வதுதான் சரியோ? கனியக்காவின் அம்மாவுக்கு எந்த மாத்திரை எத்தனை வேளை என்று கனியக்காவுக்குத் தெரியாது, நித்திலாவுக்குத் தெரியும். தீபாவளிக்கு எந்தக் கடையில் சேலை என்று முடிவு செய்ததும் நித்திலாதான். அப்படியென்றால் அந்த வாழ்க்கையை வாழ்ந்தது யார்? யோசிக்க யோசிக்க உட்கார முடியாமல் விடுதி மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

பதற்றத்திலும் அவளுக்கு முறை மாறாது. துளிரின் விதிமுறைகள் நூற்றிருபது பக்கம். யாரும் படிக்காத அந்த நூற்றிருபது பக்கத்தையும் மூன்று நாளில் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் கிடைத்தது. எட்டு நாளில் தீராத புகாருக்கு வாடிக்கையாளர் ஒரு மனிதரை நேரில் சந்திக்கக் கேட்கலாம். கேட்டால் மறுக்கக் கூடாது.

கேட்டாள். இருபத்திரண்டாம் தேதி, கோயம்புத்தூர் மண்டல அலுவலகம், காலை பதினொரு மணி என்று வந்தது.

அலுவலகத்தில் மனிதர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். குறைதீர் மேசையில் இருந்த பெண்ணுக்கு நித்திலா வயதுதான் இருக்கும். பெயர்ப்பலகையில் பிரமிளா என்று இருந்தது. கணினித் திரையைப் பார்த்தாள், நித்திலாவைப் பார்த்தாள், கனியைப் பார்த்தாள்.

“நெசமாவே ரெண்டு பேர் வந்திருக்கீங்” என்றாள். “போன வாரம் ஒருத்தர் வந்தாருங். தம்பியும் நானும் வேறன்னு சண்ட. கடைசில பாத்தா தம்பியே இல்லைங்.”

“பாத்துட்டீங்கள்ல. இவங்க ஒருத்தங்க, நான் ஒருத்தி. பிரிச்சு விட்டுருங்க” என்றாள் நித்திலா.

“நான் பாத்தது செல்லாதுங். கண்ணால பாத்துக் குடுக்கறதுன்னா அப்புறம் தடம் எதுக்கு? லஞ்சம் வாங்கிட்டுப் பாத்தேன்னு எழுதுவாங்க.” திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று. “பாருங். காலைல ஆறே முக்காலுக்குக் கணக்கத் தொறந்து பாக்கறது. தொகைய அடிச்சுட்டு நாலு நொடி பாக்கறது. தப்பா அடிச்சா ஒரு எண்ண மட்டும் அழிக்கறது. ரெண்டு கணக்குலயும் இதேதான். போன மாசம் புது எந்திரம் போட்டாங்க, அது எல்லாக் கணக்கையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுச்சு. உங்களது மாட்டிக்கிச்சு. எதுக்குங் ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாழ்றீங்?”

நித்திலா இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“விடுதியா?” என்றாள் பிரமிளா, குரலைத் தாழ்த்தி. “போன்காரியா நீங்க?”

“ஆமா.”

“விதி பதினொண்ணு தெரியுமில்ல? அடுத்தவங்க கணக்க இயக்கறது குத்தம்.”

“தெரியும். போன வாரந்தான் படிச்சேன்.”

“படிச்சீங்களா! நானே முழுசாப் படிச்சதில்லைங்.” பிரமிளா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரி. ரெண்டு வழி இருக்குங். ஒண்ணு, பேசாமப் போயிருங்க. தொண்ணூறு நாள் கழிச்சு மொத்தப் பணமும் உங்க பேருக்கு வந்துரும். நீங்க எடுத்து அக்காவுக்குக் குடுத்துக்கலாம்.”

“கிரயம் வெள்ளிக்கிழம” என்றாள் கனி.

“அப்ப ரெண்டாவது. ஆறு வருஷமா இந்தக் கணக்க நாந்தான் இயக்குனேன்னு இவங்க எழுதிக் குடுக்கணும். குடுத்தா அந்த ஆறு வருஷத்துல அக்காவுக்காக உங்க கை பட்டது எல்லாத்தையும் அழிச்சிருவோம். அக்கா தடத்துலருந்தும், உங்க தடத்துலருந்தும்.”

“அழிச்சா அக்காவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

“அதாங் இப்பக் கேள்வி. கணக்குக்குப் பதினொரு வயசு. மொத அஞ்சு வருஷம் வேற தடம் இருக்கு. இங்க பாருங், கோடு கன்னாபின்னான்னு போகுது. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நேராயிருச்சு. கொஞ்சங் கொஞ்சமா மாறினா எந்திரம் ஒண்ணுஞ் சொல்லாது, வயசாகுதுன்னு நெனச்சுக்கும். அக்கா இப்ப அந்த உள் ரூம்ல தனியா உக்காந்து நாப்பது வேல செய்யணும். பழைய கோட்டோட ஒத்துப்போனா இன்னிக்கே தொறந்து விட்டர்றேன்.”

“ஒத்துப்போகலன்னா?”

“அக்கா யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்.”

நித்திலா உள் அறையை எட்டிப் பார்த்தாள். ஆறு வருஷமாகப் பணம் கட்டத் தொடாத கைபேசி. தொகையில் ஒரு சைபர் கூடிப்போனால்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத கனியக்கா. “நான் ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டு...” என்று ஆரம்பித்தாள்.

“நீங்க சொல்லிக் குடுத்தா போச்சுங்” என்றாள் பிரமிளா.

“என் கணக்கு என்னாகும்?”

“மிச்சம் இருக்கற உங்க தடத்த வெச்சு நிக்கும். நீங்களும் ஆறு வருஷமா வாழ்ந்துட்டுத்தான இருக்கீங்.”

அது நியாயமாகத்தான் பட்டது. நித்திலா எழுதிக் கொடுத்தாள். ஒரு வரியில் அடித்தல் விழுந்ததால் முதல் தாளைக் கிழித்துவிட்டு இரண்டாவது தாளில் எழுதினாள். கனி எழுந்து உள் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

வெளியிலிருந்து பார்த்தால் முதுகும் கையும் தெரிந்தன. திரையில் ஒரு பொம்மைக் கடைக்காரன் வந்தான். காய்கறிக்கு விலை சொன்னான். நித்திலா கனி திணறுவதற்காகக் காத்திருந்தாள். எழுந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கும் என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள்.

கனி திணறவில்லை. கட்டைவிரல் தறி நாடா மாதிரி ஓடியது. தொகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிழை வந்தபோது மொத்தத்தையும் ஒரே இழுப்பில் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். விலை கூடுதலாக இருந்த இடத்தில் பணமே கொடுக்காமல் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், கடைக்காரன் தானாக இறங்கி வரும்வரை. ஓர் இடத்தில் வேறு ஏதோ சாமானைக் கூடையில் போட்டுவிட்டு, கொடுக்கும் நேரத்தில் தூக்கி எறிந்தாள். பொம்மைக் கடைக்காரனைப் பார்த்து ஏதோ சொன்னாள். கண்ணாடி வழியே கேட்கவில்லை. ஆனால் அது மரியாதையான வார்த்தை இல்லை என்பது கையை ஆட்டிய விதத்தில் தெரிந்தது. பிரமிளாவின் காதில் மாட்டியிருந்த கருவியில் அது கேட்டிருக்க வேண்டும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஆறு வருஷம் தொடலன்னு சொன்னீங்?” என்றாள்.

“தொடல” என்றாள் நித்திலா. “அவங்களுக்குத் தெரியாது.”

“இந்த அக்காவுக்கா?”

முடிவு வர இருபது நிமிஷம் ஆனது. பழைய தடத்தோடு தொண்ணூற்று நான்கு சதவீதம் பொருத்தம். நாலு மணிக்குள் கனியின் கணக்கு திறந்துவிட்டது. வெட்டிப்போன வங்கித் தொடர்பை மறுபடி சேர்த்தார்கள். கனி தன் கையாலேயே மொத்தப் பணத்தையும் வங்கிக்கு மாற்றினாள். பிரமிளா திரையில் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை மூடி இன்னொன்றைத் திறந்தாள்.

“உங்களதுலதான் சிக்கல்” என்றாள். “அழிச்சது போக நூத்திப் பதிமூணு செயல்தாங் மிச்சம். ஆளு யாருன்னு சொல்ல ஆயிரமாச்சும் வேணும்.”

“எப்படி? விடுதிக் கட்டணம் இருக்குமே. வகுப்புக் கட்டணம், கம்பெனி வேன், மாசாமாசம் சேமிப்பு...”

“அதெல்லாம் தேதி வந்தா தானாப் போறதுங். அது தடமில்ல. நீங்களா நின்னு, யோசிச்சு, இது வேணும்னு எடுத்தது மட்டுந்தான் கணக்கு. மத்ததெல்லாம் அக்கா போன்ல அக்காவுக்காக எடுத்திருக்கீங்.” திரையை உருட்டினாள். “இந்த நூத்திப் பதிமூணுல முப்பத்தெட்டு பேனா ரீஃபில்.”

கனி திரும்பிப் பார்த்தாள். நித்திலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தை யாரோ துணி உதறுவது போல் உதறி, அதிலிருந்து நாலு நூல் விழுந்ததைப் போல இருந்தது.

“பணம் எங்கயும் போகாதுங், பயப்படாதீங்” என்றாள் பிரமிளா, கொஞ்சம் மெதுவாக. “தற்காலிகமா ஒரு சின்னச் செலவுக் கணக்கு தர்றேன். சம்பளம் அதுல வரட்டும். தொண்ணூறு நாள் செலவு பண்ணுங். உங்களுக்குன்னு. தடம் வந்துட்டா சேமிப்பு தொறந்துரும்.”

“வரலன்னா?”

“இன்னொரு தொண்ணூறு.”

திருப்பூர்ப் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அவிநாசி தாண்டியதும் நித்திலா கனியின் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றாள் நித்திலா.

“என்னத்த?”

“போன். எல்லாம். மொதல்லருந்தே தெரியும்.”

“அஞ்சு வருசம் நாந்தானட்டி கட்டுனேன். மறந்தா போவும்?”

“அப்பறம் எதுக்குப் புரியலன்னு சொன்னீங்க?”

கனி ஜன்னல் பக்கம் திரும்பி, பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். “நீ வந்த புதுசுல அழுதுக்கிட்டே கெடப்ப. சோறு எறங்காது. ஊருக்கே போயிருவேன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு மட்டம் வாசல் வரைக்கும் போய்ட்ட. ஒருநா சும்மா ஒரு ரீசார்ஜ் பண்ணித் தாயேன்னேன். கண்ணத் தொடச்சுக்கிட்டு உக்காந்து பண்ணுன. அன்னைக்கு அழல. மறுநா பால்காரனுக்கு அனுப்பச் சொன்னேன். அன்னைக்கும் அழல. சரி, பிள்ளைக்கு ஒரு வேல வேணும் போலன்னு விட்டுட்டேன்.”

“ஆறு வருஷமா?”

“ஒரு வருசத்துல நிறுத்திருக்கணும். நீ நோட்டு போட்டு, கோடு கிழிச்சு, எங்கம்மா மாத்திரைக்கெல்லாம் பட்டியல் எழுதி வச்சிருந்த. வேண்டாம்னு சொல்ல வாய் வரல.” பயணச்சீட்டை விரலில் சுருட்டினாள். “பொய் சொல்லக் கூடாது. எனக்கும் சொகமா இருந்துச்சு.”

“நான் உங்களுக்கு உதவி பண்றேன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“பண்ணத்தான செஞ்ச?”

நித்திலாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கனி மேலா, நாற்பத்தோராம் பக்கத்தைக் கண்டுபிடித்த தன் மேலா, தன்னை நூற்றிப் பதிமூன்று என்று எண்ணிச் சொன்ன அந்த இயந்திரத்தின் மேலா. எழுந்து இறங்கிவிடலாம் போலிருந்தது. பேருந்து பைபாஸில் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கிரயம் முடிந்தது. பத்திர அலுவலகத்தில் கனி தன் கையாலேயே மீதியைச் செலுத்தினாள். விற்றவர் கடைசி நேரத்தில் மின்கட்டணப் பாக்கி என்று ஏதோ சொல்ல, கனி அவரைப் பார்த்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் தானாக அந்தப் பேச்சை விட்டார். சனிக்கிழமை ஆட்டோவில் இரண்டு பைகளும் ஒரு பாயும் ஏறின. “ஞாயித்துக்கெழம சாப்பிட வாட்டி. கறி எடுக்கேன்” என்றாள் கனி. நித்திலா தலையாட்டினாள். அன்று ஒன்பது மணிக்கு வார்டன் வந்து சண்முகக்கனி என்று கூப்பிட்டுவிட்டு, ஓ, காலி செய்தாச்சா என்று தானே அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு நித்திலா என்று கூப்பிட்டாள். நித்திலா கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு கணம் தாமதித்து, இருக்கேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கனி வீட்டுக்குக் கிளம்பிய நித்திலா வழியில் கடைத்தெருவில் இறங்கினாள். செலவு செய்ய வேண்டும், தனக்கென்று. காலையிலேயே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். செருப்பு, தலைக்கு எண்ணெய், ஒரு பை. செருப்புக் கடையில் கனியக்காவின் அளவுக்குக் கை போனது. எண்ணெய்க் கடையில் கனியக்கா தேய்க்கும் எண்ணெயின் பெயர் வாயில் வந்தது. வாங்காமல் வெளியே வந்தாள். துணிக்கடையில் விற்பனைப் பெண் எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்க, “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. கைபேசி சத்தமிட்டது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, இன்று மூன்று கடைகளில் தயங்கியிருக்கிறீர்கள். இதுவரை உங்கள் செயல்கள்: நூற்றிப் பதிமூன்று.’ அன்புள்ள நித்திலா என்றுகூட இல்லை.

வெயில் ஏறியிருந்தது. கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். நித்திலா பட்டியலை மடித்துப் பையில் போட்டுவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஒரு ஜூஸ்.”

“சக்கர போடலாமுங்களா, வேண்டாமுங்களா?”

விடுதியில் எது வந்தாலும் கலந்தேதான் வரும். வெளியே வாங்கும்போதெல்லாம் கனியக்காவுக்குச் சர்க்கரை ஆகாது என்பதால் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, அவளும் அதையே குடித்திருக்கிறாள். தனக்கு எது வேண்டும்? நாலு நொடி ஆயிற்று. ஐந்து, ஆறு. பின்னால் ஒருவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“சொல்லுங் அம்மிணி. ஆளு நிக்குது.”

“தெரியலண்ணா” என்றாள் நித்திலா. “போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு. ரெண்டும் தாங்க.”

கடைக்காரர் இரண்டு டம்ளர்களை வண்டி விளிம்பில் வைத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேருங்களா? இன்னொருத்தங்க எங்க?”

“ஒருத்திதான்” என்று சொல்லிவிட்டு, அவள் முதல் டம்ளரை எடுத்தாள்.